ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அப்பாவை பசவனகுடியில் எங்கே உட்கார வைத்துச் சாப்பிட வைக்கலாம்?

பென்னாகரத்துப் பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். நான் தர்மபுரியில வேலை பாக்கறேன். சொந்த ஊரு பென்னாகரம் பக்கம். தம்பி பெங்களூர்ல பனசங்கரியில குடியிருக்கான். வர்ற மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு அங்க போறோம். அப்பாவுக்கு 71 வயசு. சர்க்கரை இருக்கு. இடது முட்டி வலி, அஞ்சு நிமிஷத்துக்கு மேல நின்னா கால் கடுக்குதும்பார்.

போன தடவை தம்பி ஆசையா ஒரு பெரிய ஹோட்டலுக்கு கூட்டிட்டுப் போனான். காலை பதினொரு மணிக்கு ஆரம்பிச்சு மூணு மணி வரைக்கும் பஃபே. பிரஞ்ச்னு பேரு. அறுபது எழுபது பாத்திரம் வரிசையா மூடி வச்சிருந்தாங்க. அப்பா தட்டைக் கையில வச்சுக்கிட்டு ஒவ்வொரு மூடியா தூக்கிப் பாத்துட்டு, ரெண்டு துண்டு தர்பூசணியும் கொஞ்சம் தயிர்சாதமும் எடுத்துக்கிட்டு வந்து உக்காந்தார். அவன் மனசு நோகக் கூடாதுன்னு நல்லா இருக்குப்பான்னும் சொன்னார். ஊருக்கு வந்து சேர்ந்து ராத்திரி ஒன்பது மணிக்கு களி கிண்டச் சொல்லி சாப்பிட்டார். அதை நினைச்சா எனக்கு இன்னும் கஷ்டமா இருக்கு.

அப்பா காலம் பூரா அஞ்சு மணிக்கு ஒரு டம்ளர் டீயைக் குடிச்சுட்டு காட்டுக்குப் போயிட்டு பத்து, பத்தரைக்குத்தான் சாப்பிட வருவார். ராகிக் களி, இல்லைன்னா கூழ். அதுதான் அவருக்கு காலைச் சாப்பாடு, மத்தியானச் சாப்பாடு ரெண்டும். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் எதுவும் தொடமாட்டார். அதனால பத்து மணிக்கு மேல நிம்மதியா உக்காந்து, என்ன சாப்பிடறோம்னு தெரிஞ்சு சாப்பிடற மாதிரி ஒரு இடம் வேணும். பசவனகுடி, காந்தி பஜார் பக்கம் பழைய டிபன் ஹோட்டல் நிறைய இருக்குன்னு தம்பியோட வீட்டு ஓனர் சொன்னாராம். எது அப்பாவுக்கு சரிப்படும்? போயிட்டு வந்தவங்க சொல்லுங்க.

ராயக்கோட்டை சாமந்தி:

தங்கச்சி, உங்க அப்பா கதையைப் படிச்சதும் பதில் எழுதாம இருக்க முடியல. நான் 2001-லிருந்து 2019 வரைக்கும் ராயக்கோட்டையிலிருந்து பெங்களூருக்கு பூ ஏத்திக்கிட்டுப் போனவன். சாமந்தி, செண்டுமல்லி, சீசன்ல கனகாம்பரம். ராத்திரி ஒரு மணிக்கு வண்டி கிளம்பும். விடியறதுக்குள்ள கே.ஆர். மார்க்கெட்ல மூட்டை இறக்கி ஏலம் முடிச்சுட்டு, மிச்சத்தை காந்தி பஜார்ல பூக்கட்டறவங்களுக்குக் குடுப்பேன். நம்ம ஊர்ல முழம்னு அளக்கறதை அவங்க மாருன்னு அளப்பாங்க, ரெண்டு கையையும் விரிச்சா ஒரு மாரு. காசு வாங்கி எண்ணி முடிக்கறப்ப மணி ஒன்பதரை ஆயிடும். வயிறு அப்பத்தான் கூப்பிடும். பதினெட்டு வருஷம் நான் காலையில சாப்பிட்டது அந்த ரோட்லதான், அதுவும் உங்க அப்பா சாப்பிடற அதே நேரத்துல.

முதல்ல வித்யார்த்தி பவன். காந்தி பஜார் மெயின் ரோட்லயே இருக்கு. 1943-ல பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பசங்களுக்காக ஆரம்பிச்சது, அதனால அந்தப் பேரு. உள்ள போனீங்கன்னா பெருசா ஒண்ணும் இருக்காது. வரிசையா மேசை, சுவர்ல கன்னட எழுத்தாளர்களோட கோட்டுப் படங்கள். மாஸ்தி வெங்கடேச ஐயங்கார்னு ஒருத்தர், ஞானபீடம் வாங்கினவர். அவருக்கு வீட்டு பாஷை தமிழ்தான், எழுதினது கன்னடம். அவர் வீடு அங்கிருந்து கிட்டத்துல, கவிபுரத்துல இருந்துச்சு. நம்ம மாவட்டத்துலயும் வீட்டுல கன்னடமோ தெலுங்கோ பேசிக்கிட்டு வெளிய தமிழ் பேசறவங்க எத்தனை பேரு இருக்கோம். எனக்கு அந்த ஹோட்டல்ல அன்னியமாவே தோணினது கிடையாது.

அங்க மசால் தோசைதான். நம்ம ஊரு தோசை மாதிரி மெல்லிசா கண்ணாடியாட்டம் இருக்காது. கனமா இருக்கும், மேல நல்லா செவந்து முறுகலா, உள்ள பஞ்சாட்டம். நெய் வாசனை வாசல்லயே வந்துடும். அந்த செவப்புக்கு மாவுல உளுந்தோட வெந்தயம், கொஞ்சம் கடலைப்பருப்பு, அவல்னு சேக்கறது ஒரு காரணம்னு அங்க பூக்கட்டற ஒரு அம்மா சொல்லிக் குடுத்தாங்க. வீட்ல செஞ்சு பாத்தேன், நிறம் வந்துச்சு, ஆனா அந்தக் கல்லுச் சூடு வீட்டு அடுப்புல வராது. பரிமாறறவர் ஒரு கையில பத்துப் பன்னெண்டு தட்டை தோளு வரைக்கும் அடுக்கிக்கிட்டு வருவார். உங்க அப்பா அதைப் பாக்கணும். ஒரு தட்டு ஆடாது. நெல் கட்டைத் தலையில வச்சுக்கிட்டு வரப்புல நடக்கறவங்களுக்குத்தான் அந்த நடையோட அருமை தெரியும்.

தோசைக்கு சாம்பார் எதிர்பார்க்காதீங்க. தண்ணியா தேங்காய்ச் சட்னி, கேக்கக் கேக்க ஊத்துவாங்க. அப்பாவுக்கு அது நல்லதுதான், ஏன்னா பெங்களூர் சாம்பார்ல வெல்லம் போடுவாங்க. நம்ம ஆளுங்களுக்கு முதல் வாய்லயே முகம் சுருங்கிடும்.

சர்க்கரைன்னு சொன்னீங்களே, அதுக்கு ஒரு வழி. ஆளுக்கு ஒரு தோசை சொல்லாதீங்க. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சேத்து ஒண்ணு, கூட ஒரு ரவா வடை. ரவா வடை அங்க தனி ருசி, வெளிய மொறுமொறுன்னு இருக்கும். அப்புறம் காபி. பெங்களூர்ல காபியில சர்க்கரை போட்டே கலந்து வரும், அதனால சொல்றப்பவே "சக்கரே பேடா"ன்னு சொல்லிடணும். ஒரு காபியை ரெண்டு டம்ளர்ல பாதிப் பாதியா வாங்கறதுக்கு "பை டூ"ன்னு பேரு. அதைக் கேக்கறதுல அங்க ஒருத்தருக்கும் கூச்சம் கிடையாது. கார்ல வந்து இறங்கறவங்களும் பை டூதான் கேப்பாங்க. உங்க அப்பா மாதிரி வீணாக்கப் பிடிக்காத மனுஷனுக்கு இந்த ஒரு வார்த்தையே அந்த ஊரைப் பிடிக்க வச்சிடும்.

ஞாயித்துக்கிழமை கூட்டம் இருக்கும், பேரு குடுத்துட்டு வெளிய காத்திருக்கணும். இப்ப அந்த ரோட்டையே நடக்கறவங்களுக்கு வசதியா கல்லு பதிச்சு மாத்தியிருக்காங்க. தம்பியை வரிசையில நிறுத்திட்டு அப்பாவைப் பக்கத்துல பூக்கடைப் பக்கமா எங்கயாவது உக்கார வச்சிடுங்க. மத்தியானம் கொஞ்ச நேரம் மூடிடுவாங்க, அதனால பத்தரைக்குள்ள பேரு குடுத்துடணும். இதை மறந்துடாதீங்க.

ரெண்டாவது, சங்கரபுரத்துல பிராமின்ஸ் காபி பார். 1965-லிருந்து இருக்கு. இட்லி, வடை, காரா பாத் (நம்ம ரவா உப்புமா மாதிரி), கேசரி பாத் (நம்ம ரவா கேசரி), காபி, டீ. அவ்வளவுதான் பட்டியல். இட்லி மேல சட்னியை அப்படியே ஊத்துவாங்க, சாம்பாரே கிடையாது. நான் சாப்பிட்டதுலயே மெத்துனு இட்லின்னா அதுதான். எங்க வீட்டுக்காரிக்கு இதைச் சொன்னா கோபம் வரும், ஆனா உண்மை.

ஓசூர் டீச்சர்:

மன்னிக்கணும் அண்ணா, ஒரு திருத்தம். பிராமின்ஸ் காபி பார் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் மூடிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியவள். தவிர அங்கே தெருவோரம் நின்றுதான் சாப்பிட வேண்டும். முட்டி வலி உள்ளவருக்கு அது வேண்டாம். தர்ஷினி என்று பெயர்ப்பலகை வைத்த கடைகளிலும் இதே சங்கடம்தான். உயரமான மேசையைச் சுற்றி நின்று சாப்பிடுகிற முறை அது. அவசரமாக ஆபீஸ் போகிறவர்களுக்கு வசதி, பெரியவர்களுக்கு இல்லை. வித்யார்த்தி பவனுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அதையும் குறித்து வையுங்கள்.

எனக்கு இன்னொரு யோசனை உண்டு. அப்பாவை லால்பாக் ரோட்டில் இருக்கும் எம்.டி.ஆருக்குக் கூட்டிப் போங்கள். மாவல்லி டிபன் ரூம் என்பதன் சுருக்கம் அது. 1924-ல் உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்த மையா குடும்பத்துச் சகோதரர்கள் தொடங்கியது. இரண்டாம் உலகப்போர் நேரத்தில் அரிசி கிடைக்காமல் போனபோது ரவையை வைத்து இட்லி செய்து பார்த்தார்கள். இன்று எல்லா ஊரிலும் கிடைக்கிற ரவா இட்லி அங்கே பிறந்ததுதான். முந்திரியும் கொத்தமல்லியும் மேலே பதிந்து வரும், தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு சாகு (குருமா மாதிரி), சட்னி, தனியாக ஒரு சின்னக் கிண்ணத்தில் நெய். நெய் வேண்டாமென்றால் ஊற்றாமல் விட்டுவிடலாம். சர்க்கரை உள்ளவருக்கு எண்ணெயில் சிவந்த தோசையை விட ஆவியில் வெந்தது பரவாயில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. காபி வெள்ளி டம்ளரில் வரும்.

பள்ளிக்கூடத்தில் நான் சரித்திரம் நடத்துகிறேன், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1975-ல் அவசரநிலை வந்தபோது ஹோட்டல் பண்டங்களின் விலையை அரசாங்கம் மிகவும் குறைக்கச் சொன்னது. தரத்தைக் குறைக்க மனமில்லாமல் நஷ்டப்பட்டு, ஹோட்டலையே கொஞ்ச காலம் மூடினார்கள். அப்போது ஆட்களுக்கு வேலை கொடுக்கத்தான் பொடி, மிக்ஸ் என்று பாக்கெட் போட்டு விற்க ஆரம்பித்தார்கள். நம் மளிகைக் கடைகளில் தொங்குகிற அந்தப் பாக்கெட்டுகளுக்கு இப்படி ஒரு பிறப்பு. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு அவசரநிலை மறக்காது.

எம்.டி.ஆரில் காலை டிபன் பதினொரு மணி வாக்கில் முடிந்துவிடும், பிறகு மதியச் சாப்பாட்டுக்குத் தயாராவார்கள். திங்கட்கிழமை விடுமுறை.

வழியும் சொல்கிறேன். தர்மபுரியிலிருந்து வரும் பஸ் கிருஷ்ணகிரி, ஓசூர், அத்திப்பள்ளி, சந்தாபுரா வழியாகத்தான் வரும். பொம்மசந்திராவில் இறங்கிவிடுங்கள். 2025 ஆகஸ்டிலிருந்து அங்கிருந்து ஆர்.வி. ரோடு வரை மெட்ரோ மஞ்சள் பாதை ஓடுகிறது. சில்க் போர்டு நெரிசலில் பஸ்ஸுக்குள் உட்கார்ந்து வெந்து போக வேண்டாம். ஆர்.வி. ரோட்டில் பச்சைப் பாதைக்கு மாறி ஜெயநகர், சவுத் எண்ட் சர்க்கிள், லால்பாக் தாண்டி நேஷனல் காலேஜ் ஸ்டேஷனில் இறங்கினால் இரண்டு ஹோட்டலுக்கும் ஆட்டோவில் கொஞ்ச தூரம்தான். எல்லா ஸ்டேஷனிலும் லிப்ட் உண்டு, அப்பாவைப் படியேற விடாதீர்கள்.

ராயக்கோட்டை சாமந்தி:

டீச்சரம்மா, ஞாயிறு லீவு சொன்னதுக்கு நன்றி. எனக்கு ஞாயித்துக்கிழமை பூ வியாபாரம் பெரும்பாலும் மார்க்கெட்டோட முடிஞ்சுடும், அதனால அந்த ஞாபகம் வரல. தங்கச்சி வீணா அலைஞ்சிருப்பாங்க.

எம்.டி.ஆர். நல்ல இடம்தான். நான் மறுக்கல. ஆனா இந்த அப்பாவுக்கு முதல் தடவை அது வேண்டாம்னு நினைக்கிறேன். ஞாயித்துக்கிழமை அங்க பேரு எழுதிக் குடுத்துட்டு காத்திருக்கற கூட்டம் பெருசு. பாதிப்பேர் வெளியூர்க்காரங்க, போட்டோ எடுக்க வந்தவங்க. போன தடவை பஃபேல மிரண்டுபோன மனுஷன் மறுபடியும் கூட்டத்துல உக்காந்து தன் பேரை எப்ப கூப்பிடுவாங்கன்னு பாத்துக்கிட்டு இருப்பார். காந்தி பஜார்ல காத்திருக்கறது வேற. கண்ணு முன்னாடி பூ, காய், கொய்யாப்பழம், வெத்தலை. யாராவது ஒரு கடைக்காரர் தமிழ்ல பேச்சு குடுப்பார். காட்டுல வேலை செஞ்சவருக்கு வாழையிலைக் கட்டு என்ன விலைன்னு கேக்கறதே பொழுதுபோக்கு. கேட்டு முடிக்கறதுக்குள்ள கூப்பிட்டுடுவாங்க.

சாப்பிட்டு முடிச்சதும் நேரா வீட்டுக்குப் போயிடாதீங்க. ஆட்டோ வச்சு தொட்ட கணபதி கோயில் (கன்னடத்துல தொட்டன்னா பெரிய), அதுக்கு மேல பெரிய பசவண்ணன் கோயில். ஒரே கல்லுல செஞ்ச நந்தி. பசவன்னா காளை, பசவனகுடிங்கற பேரே அதனாலதான். அங்க கார்த்திக மாசம் கடைசி திங்கட்கிழமை கடலைக்காய் பரிஷெ, அதாவது நிலக்கடலைத் திருவிழா நடக்கும். ரோடு முழுக்க நிலக்கடலை மலை மலையாக் குவிச்சிருப்பாங்க. கடலைக்காட்டை ராத்திரியில ஒரு காளை வந்து மேஞ்சுட்டுப் போனதாவும், துரத்திக்கிட்டு வந்தப்ப அது கல்லாயிட்டதாவும், அதனால முதல் அறுவடையை அதுக்குக் கொண்டுவந்து குடுக்கறதாவும் அங்க கதை. தமிழ்நாட்டுப் பக்கமிருந்தும் மூட்டை கட்டிக்கிட்டு வியாபாரிங்க வருவாங்க. பென்னாகரத்துக்காரருக்கு நிலக்கடலையைப் பத்தி நான் சொல்ல வேண்டியதில்ல. அப்பாகிட்ட இந்தக் காளைக் கதையைச் சொல்லிப் பாருங்க.

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு:

எல்லாரும் தோசை இட்லியிலயே நிக்கறீங்க. டிசம்பர் கடைசி, ஜனவரின்னா அந்தப் பக்கம் அவரைக்கொட்டை சீசன். நம்ம கிருஷ்ணகிரி சந்தையில பனி விழற மாசத்துல மூட்டை மூட்டையா வருமே, அதேதான். தோலை பிதுக்கி எடுத்த பருப்புல அங்க உப்புமா, தோசை, அக்கி ரொட்டி, மிக்சர்னு எல்லாத்துலயும் போடுவாங்க. வி.வி. புரத்துல சஜ்ஜன் ராவ் சர்க்கிள் பக்கம் திண்டி பீதின்னு தின்பண்டக் கடைங்களுக்குன்னே ஒரு தெரு இருக்கு. ஆனா அது சாயங்காலம்தான் களைகட்டும், காலையில போனா ஈ ஓட்டிக்கிட்டு இருக்கும். அப்பா ராத்திரி தங்கறதா இருந்தா மட்டும் பாருங்க. களி வேணும்னா கன்னடத்துல முத்தேன்னு கேளுங்க. காலையில டிபன் கடையில கிடைக்காது, மத்தியானம் சாப்பாட்டுக் கடையில கிடைக்கும்.

பென்னாகரத்துப் பொண்ணு:

போயிட்டு வந்தாச்சு. எழுதறதுக்கு ரெண்டு நாள் ஆயிடுச்சு, பேங்க்ல மாசக் கடைசி வேலை.

டீச்சர் சொன்ன மாதிரி பொம்மசந்திராவுல இறங்கி மெட்ரோ ஏறினோம். அப்பா ஜன்னல் பக்கம் உக்காந்துக்கிட்டு கீழ நிக்கற வண்டிங்களைப் பாத்துக்கிட்டே வந்தார். பத்தேகாலுக்கு காந்தி பஜார். தம்பி ஏற்கனவே வந்து பேரு குடுத்திருந்தான். அப்பாவை ஒரு பூக்கடை ஸ்டூல்ல உக்கார வச்சோம். கடைக்கார அம்மாவே ஸ்டூலை நகர்த்திப் போட்டாங்க. அவங்களுக்கு பூர்வீகம் காரிமங்கலம் பக்கமாம்! அப்பா அவங்ககிட்ட சாமந்தி மூட்டை விலை, இந்த வருஷ மழை, பாலக்கோட்டுல தக்காளி விலை விழுந்தது எல்லாம் பேசி முடிச்சுட்டார். முப்பத்தஞ்சு நிமிஷம் போனதே தெரியல. தம்பி வந்து கூப்பிட்டப்ப, இருடா வர்றேன்னார்.

உள்ள அண்ணா சொன்னது அப்படியே நடந்துச்சு. தட்டு அடுக்கிக்கிட்டு வந்தவரை அப்பா கண்ணு எடுக்காம பாத்தார். அம்மாவுக்கும் அவருக்கும் சேத்து ஒரு தோசைதான் சொன்னேன். பாதிக்கு மேல அம்மா அவர் பக்கமே தள்ளிட்டாங்க, அதை நான் பாக்காத மாதிரி இருந்துட்டேன். சட்னி மூணு தடவை ஊத்தச் சொன்னார். தோசை கொஞ்சம் கனம்னாலும் நல்லா வெந்திருக்குன்னு சொன்னார். எங்க அப்பா வாயில அது பெரிய பாராட்டு. ரவா வடையை மட்டும் பேப்பர்ல மடிச்சு வழியில சாப்பிட எடுத்துக்கிட்டார்.

காபி வந்ததும் நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அப்பாவே "பை டூ, சக்கரே பேடா"ன்னு சொன்னார். மெட்ரோல வர்றப்ப மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே வந்திருக்கார் போல. தம்பி முகத்தை நான் பாத்தேன். போன தடவைக்கு இந்தத் தடவை அவனுக்குப் புரிஞ்சுடுச்சு, ஒண்ணும் பேசல. எழுந்து போய் கை கழுவிட்டு வந்தான்.

பசவண்ணன் கோயிலுக்கும் போனோம். காளைக் கதையைச் சொன்னேன். எந்தக் கடலை, கொடிக்கடலையா குத்துக்கடலையான்னு கேட்டார். எனக்குத் தெரியல. திங்கட்கிழமை பரிஷெக்கு வந்து நானே பாத்துக்கறேன்னுட்டார். லீவு எழுதிக் குடுத்துட்டேன். அன்னைக்கு காலையில எங்க சாப்பிடறது?

ராயக்கோட்டை சாமந்தி:

படிச்சுட்டு ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருந்தேன் தங்கச்சி. அந்தக் காரிமங்கலத்து அம்மா எனக்கு வருஷக்கணக்கா பூ வாங்கினவங்களாத்தான் இருக்கணும்.

திங்கட்கிழமை எம்.டி.ஆர். லீவு. வித்யார்த்தி பவன் திறந்திருக்கும், ஆனா பரிஷெ அன்னைக்கு அந்த ரோட்ல கால் வைக்க முடியாது. பிராமின்ஸ் காபி பார் திறந்திருக்கும். முட்டி வலிக்கு ஒரு மடக்கு நாற்காலி நான் கொண்டு வர்றேன், அதுல அப்பாவை உக்கார வச்சு ரெண்டு இட்லி வாங்கிக் குடுத்துடலாம். பூ வியாபாரத்தை விட்டாலும் பரிஷெக்கு நான் தவறாம போறவன். ஒன்பதரைக்கு ராமகிருஷ்ணா ஆசிரமம் சர்க்கிள்கிட்ட நிக்கறேன். அப்பாகிட்ட அவர் காட்டுக் கடலை ஒரு பை கொண்டுவரச் சொல்லுங்க, அங்க இருக்கறதோட வச்சுப் பாப்போம்.